வலங்கையும் இடங்கையும்

‘தாங்கள் யார்?’ என்று ஒருவரை வினவினால் அவர் தம் பெயரைச் சொன்னதோடு நிறுத்திக்கொள்வதில்லை. இன்ன ஊர், இன்ன தொழில், இன்ன குடும்பம் என்று தொடர்கிறார். தாம் சேர்ந்திருக்கும் கூட்டத்தைச் சொன்னால்தான் தம்மைச் சொன்னதாக அவருக்கு நிறைவு உண்டாகிறது. அந்தக் கூட்டம் அவருக்குப் பெயரைத் தருகிறது. நடக்கும் முறையைக் கற்பிக்கிறது. யாருடன் உண்பது, யாரை விலக்குவது என்பதையும் வகுத்துவிடுகிறது. இத்துணை வலிமை வாய்ந்த கூட்டம் எவ்வாறு தோன்றுகிறது? அது என்றும் நிலைத்திருப்பதுதானா? இவ்வினாக்களுக்கு விடை காணத் தக்க சான்று ஒன்று தமிழ்நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. பல நூற்றாண்டுக் காலம் இந்நாட்டு மக்களில் பெரும்பகுதியினரை இரு கூறாக நிறுத்தி வைத்த வலங்கை, இடங்கை என்னும் பிரிவுகளே அச்சான்று.

இப்பிரிவுகளின் தோற்றம் பற்றிக் கர்ணபரம்பரைக் கதைகள் பல உண்டு. வழக்குரைக்க வந்தவர்களில் ஒரு சாரார் சோழ மன்னனின் வலப்புறத்திலும், மறுசாரார் இடப்புறத்திலும் நின்றமையால் இப்பெயர்கள் உண்டாயின என்பது ஒரு கதை. கதை எவ்வாறாயினும், கல்வெட்டுச் சான்று நம்மைப் படைவீட்டிற்கே அழைத்துச் செல்கிறது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘வலங்கை வேளைக்காரப் படைகள்’ பேசப்படுகின்றன. இலங்கையில் பொலன்னறுவையிலுள்ள 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்றில், புத்தர்பிரானின் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த கோயிலைக் காப்பதாக உறுதி கூறிய வேளைக்காரருள் வலங்கையாரும் இடங்கையாரும் ஒருங்கே காணப்படுகின்றனர். முதலில் படைப்பிரிவின் பெயராக வழங்கிய சொல், நாளடைவில் குடிமக்களின் அடையாளமாக விரிந்தது எனக் கருத இடமுண்டு.

ஒரு கூட்டம் தன்னைத்தானே ஆக்கிக்கொள்ளும் விதத்தை ஊட்டத்தூர்க் கல்வெட்டு விளக்கமாகக் காட்டுகிறது. திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த இவ்வூரில், மூன்றாம் குலோத்துங்கனின் 40ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1218ஆம் ஆண்டளவில், இடங்கையின் 98 பிரிவினர் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். காசிப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினி குண்டத்தில் தோன்றியவர்கள் தாங்கள் என்று அவர்கள் தங்களுக்கு ஒரு பழமையை வகுத்தனர். இனித் தாங்கள் ஒரு தாய் தந்தையரின் மக்களைப்போல் நடந்துகொள்வதாகவும், ஒருவருக்கு வந்த நன்மை தீமை அனைவருக்கும் உரியதென்றும் உறுதி செய்தனர். தங்களவரை இன்னார் என அறிவதற்குரிய சின்னங்களையும் வரையறுத்தனர். இதற்கு மாறாக நடப்பவர் தம் இனத்திற்குப் பகைவர் என்றும் விதித்தனர்.

நேயர்கள் இதனைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். உறவு, பழமை, சின்னம், பகை ஆகிய நான்கும் ஒரே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. உள்ளே இருப்பவரை உடன்பிறந்தாராக்கிய அதே உடன்படிக்கை, கட்டு மீறியவரைப் பகைவராகவும் ஆக்கிவிட்டது.

இத்தகைய ஒற்றுமையை அவர்கள் ஏன் நாடினர்? கருவூர்ப் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டொன்று இதற்கு விடை கூறுகிறது. கம்மாளர் இடங்கைப் பிரிவில் முதன்மையாக எண்ணப்பட்டவர்கள். அவர்கள் தங்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் தாங்கிய அரசன் ஆணையிட்டான். கோயில் சிற்பமும் மன்னர் அணிந்த பொன்னணியும் இத்தொழிலாளர் கையால் ஆனவையே. அவ்வாறிருந்தும், தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசுவதற்கு அவர்களுக்கு அரசாணை வேண்டியிருந்தது! தனியொருவராகக் கேட்டிருந்தால் இவ்வுரிமை கிட்டியிருக்குமா? எளியவருக்குக் கூட்டமே ஊன்றுகோலாக இருந்தது என்பதை நாம் மறுத்தல் ஆகாது.

இரு கையும் இணைந்த காலமும் உண்டு. விசயநகர ஆட்சியில் அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் சுமத்திய மிகுதியான வரிகளைத் தாங்க மாட்டாமல், 1429ஆம் ஆண்டளவில் வலங்கை 98, இடங்கை 98 ஆகிய இரு திறத்தாரும் ஒன்றுகூடினர். இன்ன வரியை இன்ன அளவே செலுத்துவோம் என்று முடிவு செய்து, கொறுக்கை முதலிய ஊர்க் கோயில்களில் கல்லில் பொறித்து வைத்தனர். பொதுத் துன்பம் வந்தபோது கைவேற்றுமை மறைந்தது.

ஆயினும் அவ்வொற்றுமை நிலைக்கவில்லை. பிற்காலத்தில் உரிமையின் பொருள் சுருங்கிச் சின்னத்தின் மதிப்பு பெருகியது. யார் வெண்குடை பிடிப்பது, யார் குதிரைமீது ஊர்வலம் வருவது, எந்தத் தெரு யாருடையது என்பனவே பெரும் வழக்குகளாயின. சென்னைப் பட்டணம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள், 1650களின் தொடக்கத்திலேயே, இத்தகைய கலகம் மூண்டது. மீண்டும் 1707ஆம் ஆண்டில், தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது, ஒரு திருமண ஊர்வலம் சென்ற வழிபற்றி எழுந்த பூசல் முற்றி, வலங்கையார் பலர் நகரை விட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டனர். நகரத்து அலுவல்கள் தடைப்பட்டன. இரு திறத்தாருக்கும் தெருக்களை வகுத்துக் கொடுத்துக் கும்பினியார் அமைதியை நாட வேண்டியதாயிற்று.

1792 முதல் 1823 வரை தென்னாட்டில் வாழ்ந்த துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தாம் கண்ட ஒரு பூசலைப் பதிவு செய்திருக்கிறார். தோல் தொழில் செய்யும் குலத்தவர் ஒருவர் தலைப்பாகையில் செந்நிறப் பூச் சூடி வெளியே வந்தாராம். அவருடைய குலத்திற்கு அவ்வுரிமை இல்லையென்று வலங்கையைச் சேர்ந்த மற்றொரு குலத்தார் எழுந்தனர். இரு பக்கமும் ஆள் திரண்டது. சுற்றுப்புறத்து மக்கள் பொருள்களை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடலாயினர். ஒரு பூவுக்காக ஒரு நாடே அஞ்சியது.

இதில் நம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. இப்பூசலில் மோதிக்கொண்ட இரு குலத்தாருமே தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகியிருந்தவர்கள். வலங்கையின் பெருமைக்காக முன்னணியில் நின்று அடிபட்டவருக்கு வலங்கைப் பெரியோரின் திண்ணையில் இடமில்லை. இடங்கையில் நின்றவருக்கும் அதே கதிதான். கலகத்தில் முதல்வரிசை, பந்தியில் இடமே இல்லை. கூட்டம் தன் உறுப்பினர் அனைவருக்கும் ஒரே பெயரைத் தந்தது. ஒரே மதிப்பைத் தரவில்லை.

இத்தனைக்கும் அப்பிரிவின் எல்லையாவது உறுதியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஓர் ஊரில் வலங்கையாக எண்ணப்பட்ட குலம் வேறோர் ஊரில் இடங்கையாக இருந்தது. கணவன் ஒரு கையிலும் மனைவி மறு கையிலும் சேர்த்து எண்ணப்பட்ட குலங்களும் உண்டென்று தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகிறார். 98 என்ற எண் கூட மரபெண்ணேயன்றித் தலை எண்ணிக் கண்ட கணக்கன்று.

19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இப்பிரிவுகள் தமிழகத்தில் பெரிதும் தேய்ந்துவிட்டன. பழைய தொழில்களும் சந்தைகளும் மாறின. ஆட்சி முறை மாறியது. தனித்தனிச் சாதிச் சங்கங்கள் தோன்றிப் பழைய கூட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கொங்கு நாட்டில் இதன் எச்சங்களைக் கண்டு பிரெண்டா பெக் என்னும் அறிஞர் 1972இல் நூலொன்று வெளியிட்டார். கன்னட நாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பலகை, எடகை என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆனால் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவரிடம் ‘நீர் எந்தக் கை?’ என்று கேட்டால் அவர் திகைத்தே நிற்பார். அவருடைய முன்னோர் உயிரைக் கொடுத்துக் காத்த அடையாளம் அது!

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? கூட்டமே வேண்டாம் என்பதன்று. ஊட்டத்தூரில் கூடியவர்கள் ஒருவர் துன்பத்தை மற்றவர் ஏற்கத் துணிந்தார்கள். அது போற்றத் தக்கதே. ஆனால் மனிதர் கூடி ஆக்கிய எல்லையை இயற்கை வகுத்த எல்லை என்று மயங்குதல் தவறு. கல்லில் வெட்டிய பிரிவே தேய்ந்து மறையுமானால், நெஞ்சில் மட்டும் கீறி வைத்துள்ள பிரிவுகளையும் நாம் அழித்துவிடலாம் அன்றோ? 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. கிணறும் குளமும் பொதுச் சாலையும் அனைவருக்கும் உரியன என்று விதித்தது. சட்டம் தெருவைத் திறந்துவிட்டது. திண்ணையைத் திறக்க வேண்டியவர்கள் வீட்டுக்கு உரியவர்களே. நாம் சேர்ந்திருக்கும் சங்கம், சபை, ஊர், தெரு எதுவாயினும், அதனை அளந்தறிய எளியதோர் அளவுகோல் உண்டு: அங்கே கடைசி வரிசையில் நிற்பவருக்கு என்ன இடம் கிடைக்கிறது என்று பாருங்கள். அக்கூட்டத்தின் பெருமையும் சிறுமையும் அதிலேயே விளங்கிவிடும்.