நீலகிரிக்குக் கப்பலேறி வந்த மீன்



தூண்டில் என்றதும் மண்புழுதான் நம் நினைவுக்கு வரும். புழுவே இன்றி, இறகாலும் நூலாலும் கட்டிய பொய் ஈயைக் காட்டி மீன் பிடிக்கும் முறையும் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, மாசிடோனிய மக்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் இறகைக் கட்டி மீன் பிடித்ததை உரோமானிய எழுத்தாளர் ஏலியன் குறித்து வைத்துள்ளார். பின்னாளில் ஆங்கிலேயர் இதனை ஒரு கலையாகவே வளர்த்தனர். அவர்கள் பெரிதும் விரும்பிய மீன் ட்ரவுட்.

பொய் ஈயின் எடை மிகக் குறைவு. கயிற்றின் எடையே அதனைத் தொலைவுக்குக் கொண்டு செல்கிறது. புதிதாகப் பழகுவோருக்கு 9 அடிக் கோலும் 5-ஆம் எண் கயிறும் பொருத்தமானவை. நீர்மேல் மிதக்கும் ஈ, நீருள் அமிழும் ஈ, கல்லடியில் வாழும் இளம்பூச்சியை ஒத்த ஈ என மூவகை உண்டு. எதனைத் தேர்ந்தெடுப்பது? ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அங்குள்ள பூச்சியின் நிறமும் அளவும் எவ்வாறு உள்ளனவோ, அதற்கேற்ற ஈயைக் கட்ட வேண்டும். மீன் மேலெழுந்து இரை கவ்வினால் மிதக்கும் ஈ. இல்லையேல் கல்லடி ஈ.

ட்ரவுட் குளிர்நீரில் மட்டுமே வாழக்கூடியது. நம் செனாய் ஆற்றில் விட்டால் பிழைக்காது. ஆயினும் தமிழகத்தின் நீலகிரி ஓடைகளில் அது வாழ்கிறது. எவ்வாறு வந்தது?

மலைவாழ் ஆங்கிலேயர் தம் நாட்டுப் பொழுதுபோக்கை அங்கும் நாடினர். 'இந்திய மீன்கள்' பற்றிப் பெருநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே 1863-இல் ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோல்வி கண்டார். வெப்பக் கடலைக் கடப்பதற்குள் முட்டைகள் அழிந்துவிடும் என்பதே அக்காலத்தின் பெரும் இடர். 1864-இல் பாசியில் பொதிந்து, பனிக்கட்டியினிடையே வைத்து, இலண்டனிலிருந்து தாஸ்மேனியா வரை உயிர்முட்டைகளைக் கப்பலில் கொண்டு சென்று வென்றனர். நீலகிரிக்கோ வெற்றி கிட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைந்தது. பழுப்பு ட்ரவுட் அங்கு நிலைக்கவில்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் ட்ரவுட்டே நிலைத்தது.

மீன் இங்கு வந்தது. இறகு அங்கு சென்றது. தென்னிந்தியாவின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகு, ஆங்கிலேயர் ஈ கட்டுவதற்கு மிகவும் விரும்பிய பொருளாகும். இன்று அப்பறவைக்கு இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காவலாக உள்ளது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அதே ஆட்சிதான் 1876-இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கு எடுத்துச் சென்றது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றின் வழிவந்த பால்மரங்களைச் சீவத்தான் நம் முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறினர். மீன், விதை, மனிதர் அனைத்தையும் தன் தேவைக்கேற்ப இடம்பெயர்த்தது ஒரே கை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மீன்முட்டை எந்த ஆண்டில், எதில் பொதிந்து வந்தது என்பது ஏட்டில் உள்ளது. நம் கொள்ளுப்பாட்டி எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தார் என்பதோ பல வீடுகளில் மறந்துபோயிற்று. மாணவர்கள் வரலாறு படிக்கும்போது மன்னர்களின் ஆண்டுகளை மனனம் செய்கின்றனர். தம் குடும்பத்தின் ஆண்டு ஒன்றுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை.

பெற்றோர்களே, வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே ஊர்ப்பெயர், கப்பல், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டுப் பிள்ளைகளின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். ஆசிரியர்களே, அதனை வகுப்பில் ஓர் இடுபணியாக வழங்குங்கள். ஒரு தாள் போதும். மூத்தோர் மறைந்தபின் அத்தாளை எவராலும் நிரப்ப இயலாது.