கிள்ளான் கடற்கரையில் வலசைப் பறவைகள்: எப்போது, எப்படிப் பார்க்கலாம்?

கிள்ளான் துறைமுகத்திலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் வரை நீளும் சேற்றுக்கரை, செப்டம்பரில் களைகட்டுகிறது. சைபீரியா போன்ற வடபகுதிகளில் குளிர் இறுகுமுன் புறப்படும் கரையோரப் பறவைகள் இங்கு வந்திறங்கும் காலம் இது. சில இங்கேயே தங்கும். சில இரைதேடிவிட்டு ஆஸ்திரேலியா வரை செல்லும். மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பும்.

அடையாளம்

வளைந்த நீண்ட அலகால் நண்டு பிடிப்பது கோட்டான். ஆந்தையைக் குறிக்கும் கோட்டான் வேறு. சிவந்த கால்கள் இருந்தால் பவளக்காலி. குட்டை அலகுடன் ஓடி, நின்று, கொத்துவது உப்புக்கொத்தி. நீண்ட அலகைச் சேற்றில் ஆழச் செருகுவது மூக்கான்.

பெரிய பறவைகளே பொதுவாக முதலில் வருகின்றன. ஜூன், ஜூலையில் பொரித்த குஞ்சுகள் பல, பெற்றோர் துணையின்றிப் பின்னால் பறந்து வருகின்றன.

கடிகாரம் அல்ல, கடல்நீர்

நீர் வற்றியிருக்கும்போது பறவைகள் தொலைவில் புள்ளிகளாகத் தெரியும். நீர் ஏற ஏறக் கரையை நெருங்கும். எனவே, உச்ச நீர்மட்டத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பே சென்றுவிடுவது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் அதிகம் ஏறும். மேற்குக் கரை என்பதால், காலையில் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். நிறங்கள் தெளிவாகத் தெரியும்.

விரட்டக்கூடாது

சேறு மூழ்கியதும் பறவைகள் உலர்ந்த திறந்தவெளியில் கூட்டமாக ஒற்றைக் காலில் நின்று உறங்கும். அது சோம்பல் அன்று. பயணத்திற்கான கொழுப்பைச் சேமிக்கும் நேரம். இதே வலசைப் பாதையில், 2022 அக்டோபரில் ஓர் இளம் பட்டைவால் மூக்கான் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாள்களில் இடைநிற்காமல் கடந்தது. அதற்கு எரிபொருள் உடலில் இருந்த கொழுப்பே.

படத்திற்காக ஒருமுறை கூட்டத்தைக் கிளப்பினாலும் அந்தச் சேமிப்பு கரைகிறது. பறவைகள் தலை தூக்கிப் பார்த்தால் நின்றுவிட வேண்டும். நடக்கத் தொடங்கினால் பின்வாங்க வேண்டும்.

கடலோரம் தூர்க்கப்படுவதால் ஓய்விடங்கள் குறைகின்றன. காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்கள்கூடப் பறவைகளுக்குப் புகலிடமாகியுள்ளன. அங்கே அனுமதியின்றி நுழைய முடியாது. ஜெராம் போன்ற பொதுக் கரைகளில் இருந்தே, ஒரு சாதாரண இருகண் தொலைநோக்கியுடன் பார்க்கத் தொடங்கலாம்.