பாட்டு நின்ற நாளும் பாட்டு மட்டும் நின்ற நாளும்

ஒரு வானொலி நிலையம் மாறப் போகிறது என்று பேச்சு கிளம்பினால், கேட்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அப்போ பாட்டு போடுவாங்களா, மாட்டாங்களா?" டீக்கடையானாலும் கல்லூரி விடுதியானாலும் இதில் மாற்றம் இல்லை. வேறு கேள்வி அநேகமாக யாரும் கேட்பதில்லை. அந்த வேறு கேள்விகளில் ஒன்று எவ்வளவு முக்கியமானது என்பதைச் சென்னை வானொலியின் நூறு ஆண்டுக் கதை சொல்கிறது.

இந்தக் கதையைச் செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரையிலும் இருந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தப் பகுதிக்கென்று அகில இந்திய வானொலி நிலையம் இருந்ததில்லை. வடக்கே சென்னை, தெற்கே புதுச்சேரி, கடலுக்கு அப்பால் கொழும்பு. இந்த ஊர்க்காரர்கள் எப்போதும் அடுத்த ஊர் நிலையத்தைக் கேட்டவர்கள். நிலையம் எப்படி மாற வேண்டும் என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. ஆனால் மாறிய ஒவ்வொரு முறையும் அதன் பலன் அவர்கள் வீட்டு ரேடியோப் பெட்டியிலும் கேட்டது.

மாநகராட்சி நடத்திய வானொலி

சென்னையில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கம் அல்ல. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. அந்த ஆண்டு ஜூலை இறுதியிலேயே ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. ஆர்வம் இருந்த அளவுக்குப் பணம் இல்லை. 1927-ல் கிளப் மூடப்பட்டது.

கருவிகள் சென்னை மாநகராட்சியிடம் வந்தன. 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. குப்பை அள்ளுவதும் குழாய்த் தண்ணீர் விடுவதும் போலப் பாட்டுப் போடுவதும் மாநகராட்சியின் வேலையாக இருந்த காலம் அது! வீட்டில் ரேடியோ வாங்க முடியாதவர்களும் கேட்கட்டும் என்று மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. ராஜாஜி அப்போது மாகாணப் பிரதமர். அடுத்த ஆண்டு திருச்சி நிலையம் வந்தது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்கில் இருந்த வானொலி நிலையங்கள் மொத்தம் 6. அதில் 2 தமிழ் மண்ணில் இருந்தன.

கிளப் போய் மாநகராட்சி, மாநகராட்சி போய் மத்திய அரசு. 14 ஆண்டுகளில் 3 முதலாளிகள். என்ன ஒலிபரப்புவது என்ற முடிவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சென்னையை விட்டு டெல்லிக்குப் போனது. அடுத்து வந்த பெரிய மாற்றம் அங்கிருந்துதான் வந்தது.

1952: பாட்டு நின்றது

1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். முறையாகச் சங்கீதம் கற்றவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார். மன்னர்களும் ஜமீன்தார்களும் போன பிறகு சாஸ்திரிய சங்கீதத்தை இனி யார் காப்பாற்றுவது? அரசாங்கம்தான், அதுவும் வானொலி வழியாகத்தான் என்பது அவர் கருத்து. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே 1952-ல் அவர் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி வழியாகத்தான் கர்நாடக வித்வான்களின் கச்சேரி வட இந்தியாவுக்கும், இந்துஸ்தானி கச்சேரி தெற்கே சாதாரண வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சினிமாப் பாட்டுக்கான நேரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னார். பாட்டு எந்தப் படத்தில் வருகிறது என்று அறிவிப்பது விளம்பரம் ஆகிவிடும், அதனால் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்றும் உத்தரவு வந்தது. படத் தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. பாட்டை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றே போனது.

'பராசக்தி' வந்த ஆண்டு அது. தமிழ்நாடு முழுவதும் சினிமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அரசு வானொலிக்கு மட்டும் சினிமா என்ற ஒன்று இருப்பதே தெரியாது!

கொழும்பிலிருந்து வந்த குரல்

இந்த நேரத்தில் கடலுக்கு அப்பால் ஒரு கதவு திறந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவம், தன் வீரர்களுக்காக இலங்கையில் சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவியிருந்தது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-ல் ரேடியோ சிலோன் அதைக் கொண்டு வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது.

சிற்றலை நேராகப் போய் அடங்கிவிடும் அலை அல்ல. வானத்தில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தில் இறங்கும். கொழும்பிலிருந்து மாமல்லபுரம் 600 கிலோமீட்டருக்கும் மேல். சிற்றலைக்கு அது ஒரு தூரமே இல்லை.

சென்னை நிலையத்தில் பாட்டு நின்றதும் கேட்பவர்கள் மனுப் போடவில்லை, ஊர்வலம் போகவில்லை. ரேடியோவின் குமிழைத் திருகினார்கள். அவ்வளவுதான். 1952 டிசம்பரில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா ரேடியோ சிலோனில் தொடங்கி, வட இந்தியாவையே கட்டிப் போட்டது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி ஆனார்கள். பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அந்த வரிசை நீண்டது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டால்தான் பொழுது விடிந்தது என்று இருந்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

அந்தக் காலத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. பத்து வீட்டில் ரேடியோ இருந்தால் ஒன்பது வீட்டில் சிலோன் பாடும். பத்தாவது வீட்டு ரேடியோ ரிப்பேரில் இருக்கும்!

இதில் பணமும் இருந்தது. இந்தியக் கேட்பவர்களுக்காக, இந்தியாவில் விற்கும் பற்பசைக்கும் சோப்புக்கும் விளம்பரம் செய்து, வருமானத்தை வாங்கிக்கொண்டது இன்னொரு நாட்டு வானொலி.

1957: டெல்லி இறங்கி வந்தது

ஐந்து ஆண்டுகள் போயின. 1957 அக்டோபர் 3-ல் அகில இந்திய வானொலி 'விவித் பாரதி' என்ற புதிய சேவையைத் தொடங்கியது. பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பிகள் வழியாகச் சினிமாப் பாட்டு திரும்பி வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அப்போதும் அமைச்சர் கேஸ்கர்தான்! 1962 வரை அவரே அந்தப் பதவியில் இருந்தார். ஆள் மாறவில்லை. குமிழைத் திருகிய விரல்கள் கொள்கையை மாற்றிவிட்டன.

விளம்பரம் கூடாது என்ற விதியும் நிலைக்கவில்லை. சந்தா குழு 1966-ல் கொடுத்த அறிக்கைக்குப் பின், 1967 நவம்பர் முதல் பம்பாய், புனே, நாக்பூரில் விவித் பாரதியில் விளம்பரம் வந்தது. அடுத்துச் சென்னைக்கும் வந்தது. 'தேன்கிண்ணம்', 'நேயர் விருப்பம்', 'ஒலிச்சித்திரம்' என்ற பெயர்களைச் சொன்னாலே ஒரு தலைமுறைக்கு இன்றும் முகம் மலரும்.

ஆக, பாட்டு விஷயத்தில் கேட்பவர்கள் ஜெயித்தார்கள். எப்படி? அவர்கள் கேட்டது இன்னொரு நிலையத்தில் கிடைத்தது. அதனால்தான் ஜெயித்தார்கள். இந்த ஒரு காரணத்தை மறந்துவிடக் கூடாது.

ரேடியோ நெல்

பாட்டுக்கு நடுவே சென்னையும் திருச்சியும் வேறு ஒன்றையும் செய்துகொண்டிருந்தன. பஞ்சாயத்து அலுவலகத்து ரேடியோ மாலை நேரத்தில் ஒலிபெருக்கி வழியாக ஊருக்கே பேசும். வானிலை, சந்தை விலை, உழவர்களுக்கான நிகழ்ச்சி எல்லாம் அதில் வரும். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகம் தஞ்சைப் பகுதியில் பரவியபோது, அதைப் பற்றி உழவர்கள் திருச்சி வானொலியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கடையில் போய் அதன் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. 'ரேடியோ நெல்' என்று கேட்டார்கள். நெல்லுக்கு வானொலியின் பெயர் வந்தது உலகத்தில் வேறு எங்காவது நடந்திருக்குமா!

ஏரிப் பாசனத்தை நம்பிய மதுராந்தகத்துக்கும், கடலை நம்பிய கொக்கிலமேட்டுக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இந்தப் பேச்சு நிகழ்ச்சிகளும் வானிலை அறிக்கையும் அலங்காரம் அல்ல. நாளை விதைப்பதா, இன்றிரவு கட்டுமரம் தள்ளுவதா என்ற முடிவு அதில் இருந்தது. இந்த நிகழ்ச்சிகளைக் கொழும்பு ஒலிபரப்பாது. மதுராந்தகத்து ஏரியைப் பற்றிக் கொழும்புக்கு என்ன கவலை? அதாவது, இவை நின்றால் திருகிப் போக வேறு நிலையம் கிடையாது.

எஃப்.எம். வந்தது

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் தொடங்கியது. ஊர் சென்னைதான். ஆனால் பல ஆண்டுகள் அதைக் கேட்டவர்கள் குறைவு. 1993-ல் சில நகரங்களில் எஃப்.எம். நேரம் தனியாருக்கு வாடகைக்கு விடப்பட்டது. 1995-ல் வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-ல் சூரியன் எஃப்.எம்., ரேடியோ மிர்ச்சி என்று தனியார் நிலையங்கள் சென்னையில் வந்தன. 2006-ஐ ஒட்டி இன்னும் பல சேர்ந்தன.

பொதுச் சொத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். பணம் விளம்பரத்தில் வருகிறது. விளம்பரம் கூட்டம் இருக்கும் இடத்தில் வருகிறது. கூட்டம் புதுப் பாட்டில் இருக்கிறது. சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லவும் தனியார் நிலையங்களுக்கு அனுமதி கிடையாது. விளைவு என்ன? எண் மாறுகிறது, அறிவிப்பாளர் பெயர் மாறுகிறது, பாட்டு மட்டும் மாறுவதில்லை. 1952-ல் பாட்டே இல்லை. ஐம்பது ஆண்டு கழித்துப் பாட்டைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. இரண்டும் கேட்பவரைக் கேட்காமல் நடந்தவைதான். முதல் முறை அமைச்சர் முடிவு செய்தார். இரண்டாவது முறை விளம்பரக் கணக்கு முடிவு செய்தது.

கடலோரத்தின் கேள்வி

எஃப்.எம். அலை ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியும் தூரம்தான் போகும். சென்னையிலிருந்து 55 கிலோமீட்டர் அளவில் இருக்கும் செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் அது மெலியத் தொடங்குகிறது. படகில் கடலுக்குள் போகப் போக இன்னும் மெலியும். மத்திய அலை அப்படி அல்ல. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல் பரப்பின் மேல் மத்திய அலை வெகுதூரம் ஓடும். கடலில் இருப்பவனுக்கு ஏற்ற அலை பழைய மத்திய அலைதான். ஆனால் உலகெங்கும் மூடப்பட்டு வருவதும் அதுதான். இந்தியாவிலும் மத்திய அலை ஒலிபரப்பிகள் பல ஓய்வு பெற்றுவிட்டன. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 76 ஆண்டுகளுக்குப் பின் 2017 ஏப்ரலில் நின்றது.

கைபேசி இருக்கிறதே என்று கேட்கலாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகில்தான் கரை கடந்தது. அடுத்த ஆண்டு மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. அந்த நேரத்தில் இரண்டு பேட்டரி போட்ட சின்ன ரேடியோ வேலை செய்யும், அதில் பேச ஒரு நிலையம் இருந்தால்!

வழி இல்லாமல் இல்லை. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் காட்டாங்குளத்தூரிலிருந்து எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் 'முத்துச்சரம்' வந்தது. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' ஒலித்தது. சமுதாய வானொலியின் எட்டும் தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் அது பேசுவது அந்தச் சில கிலோமீட்டரைப் பற்றி.

எனவே அடுத்த முறை ஒரு நிலையம் மாறப் போகிறது என்று பேச்சு வந்தால், பாட்டுப் போடுவார்களா என்று கவலைப்பட வேண்டியதில்லை. பாட்டு எப்படியும் ஒரு வழி கண்டுபிடித்து வந்துவிடும். அதைக் கடல் கடந்து கொண்டுவரக் கொழும்பே இருந்தது. கேட்க வேண்டியது வேறு. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கொக்கிலமேட்டுக்காரருக்கு இனி யார் சொல்வார்கள்?