தன்னைத்தானே எழுதிய குரல்: ஸ்காட்டின் கருவியை மறுவாசிப்பு செய்தல்

ஒலிப்பதிவின் வரலாற்றை எழுதுவோர் பலரும் எதுவார் லெயோன் ஸ்காட் டி மார்ட்டின்வில்லை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அவர் ஒலியைப் பதிந்தார், திரும்பக் கேட்க வழி காணவில்லை, அதை 1877-இல் எடிசன் கண்டார் என்பது அந்த வரி. இந்தக் கணிப்பை ஏற்பதற்கில்லை. ஸ்காட் பாதி வழியில் நின்றவர் அல்லர். அவர் போக நினைத்த ஊரே வேறு.

பாரிஸில் அச்சுத்தொழில் செய்தவர் அவர். 1849-இல் சுருக்கெழுத்தின் வரலாற்றை நூலாக எழுதியவர். பேச்சின் வேகத்துக்குக் கை எவ்வளவு பின்தங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். உடலியல் நூல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்தபோது செவியின் அமைப்பு அவர் கருத்தைக் கவர்ந்தது. செவிப்பறை அதிர, அதை ஒட்டிய சிற்றெலும்புகள் அசைகின்றன. அந்த அசைவின் நுனியில் எழுதுகோல் ஒன்று இருந்தால் பேச்சு தன்னைத்தானே எழுதிக்கொள்ளுமே! 1857 மார்ச் 25-இல் காப்புரிமை கோரிய போனாட்டோகிராஃப் இந்த எண்ணத்தின் உருவம்தான்.

கருவி எளிமையானது. அகன்ற வாயில் பாட வேண்டும். மறுமுனையில் இழுத்துக் கட்டிய சவ்வு அதிரும். சவ்வில் ஒட்டிய பன்றிமயிர், விளக்குக்கரி படிந்த தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும். தாள் சுற்றிய உருளையைக் கையால் சுழற்றினால், கரி விலகிய இடத்தில் மெல்லிய வெண்கோடு நெளிந்து ஓடும். கரி உதிராதிருக்கத் தாளைப் பிசின் கரைசலில் நிலைப்படுத்தினார். கண்ணால் படிப்பதற்காக ஒருவர் மேற்கொள்ளும் கவனம் இது. ஒலிக்கும் வரிவடிவத்துக்கும் 'எழுத்து' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு, இந்த நோக்கம் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

எடிசன் புகழ் பரவிய 1878-இல் ஸ்காட் தம் சொந்தச் செலவில் ஒரு நூல் வெளியிட்டார். எடிசனின் கருவி ஒலியைத் திரும்பத் தருகிறதே தவிரப் பேச்சை எழுதவில்லை என்பது அதில் அவர் வாதம். தோற்றவரின் புலம்பல் என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் 1857 முதல் அவர் சொல்லிவந்தது இதுதான். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

கோடு மட்டும் மறையவில்லை. 1874-இல் கிரகாம் பெல் இறந்த மனிதரின் செவியையே போனாட்டோகிராஃபாக அமைத்துப் பார்த்தார். தொலைபேசியை நோக்கி அவர் எண்ணம் திரும்பியதில் அந்தச் சோதனைக்குப் பங்குண்டு. பெர்லினரின் 1887-ஆம் ஆண்டு கிராமபோன் காப்புரிமையும் கரியில் கீறிய கோட்டை உலோகத்தில் செதுக்கும் வழியிலேயே தொடங்கியது. எடிசனின் ஊசி மேலும் கீழும் குத்த, பெர்லினரின் ஊசி ஸ்காட்டுடையது போலப் பக்கவாட்டில் அசைந்தது.

2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 1860 ஏப்ரல் 9-ஆம் நாளிட்ட தாளிலிருந்து ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலைக் கணினியால் ஒலிக்கச் செய்தனர். கேட்டவர்கள் இளம்பெண்ணின் குரல் என்றனர். குரலின் கோட்டுக்கு அருகில், நேரத்தை அளக்க, இசைக்கவை ஒன்றின் அதிர்வையும் ஸ்காட் பதிந்திருந்தார். அதற்கு அவர் குறித்த எண் நொடிக்கு 500. அக்காலப் பிரெஞ்சு வழக்கில் போவதும் வருவதும் தனித்தனி அதிர்வு. இன்றைய கணக்கில் அது 250. 2009-இல் இது புரிந்து வேகத்தைப் பாதியாக்கியபோது, மெதுவாகப் பாடும் ஓர் ஆணின் குரல் வந்தது. ஸ்காட்டின் குரலாகவே அதைக் கருதுகிறார்கள். செவி தவறவிட்டதைச் சரிசெய்தது, அவர் படிப்பதற்கென்று எழுதிவைத்த அந்த இரண்டாவது கோடு.