குடவரைப் பாவை

நம் வட்டக் கூட்டமொன்றில் குறுந்தொகையின் 100ஆம் பாட்டு வாசிக்கப்பெற்றபோது, அன்பர் ஒருவர் எழுந்து, "கொல்லிப் பாவையைக் கண்டவர் எவரேனும் உளரோ?" என்று வினவினார். அவையில் சிரிப்பெழுந்தது. எனினும் அவ்வினா எளிதன்று. நாமக்கல்லிலும் சேந்தமங்கலத்திலும் இராசிபுரத்திலும் வாழ்வோர்க்குக் கொல்லி ஏட்டில் மட்டும் உள்ள மலையன்று. வாசலில் நின்றால் கீழ்த்திசையில் தெரிவது. மலை கண்முன் நிற்கையில் உவமையை உவமையாகவே கொள்ளுதல் கடினம். தேடிப் புறப்படவே மனம் விழையும்.

கபிலர் பாடிய அப்பாட்டு ஏழே அடிகள் கொண்டது. முதல் நான்கடிகளில் பாவை இல்லை. அருவி பாயும் நிலத்தில் ஐவன நெல் விதைத்து, காட்டு மல்லிகையையும் மரலையும் களையாகப் பறிக்கும் மக்கள்; பசி வந்துற்றபோது யானைக் கொம்பை விற்று உண்ணும் சிறுகுடி. அதன் பின்னரே வல்வில் ஓரியின் கொல்லியும் பாவையும் வருகின்றன. அப்பாவைபோல் மடப்பம் உடையவள், ஆயினும் தழுவுதற்கரிய தோளினள் என்று தலைவன் முடிக்கிறான். பசித்த சிறுகுடிக்கு விற்க ஒரு கொம்பேனும் உண்டு. அவளை அடையத் தலைவன் கொடுப்பதற்கு என்ன உண்டு? புலவர் இதனை வாய்விட்டுச் சொல்லவில்லை. பாவையை மட்டும் தேடுவோர் இச்சிறுகுடியைக் காணாமலே கடந்துவிடுவர்.

பாவை நின்ற இடத்தைப் புலவர்கள் குடவரை என்கின்றனர். குடக்கு மேற்கு, எனவே குடவரை மலையின் மேற்குப் பக்கம். குறுந்தொகை 89, 100, நற்றிணை 192, 201 ஆகிய நான்கும் இச்சொல்லையே ஆள்கின்றன. சமவெளியில் நின்று நாம் அன்றாடம் காண்பதும், காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளில் பேருந்து ஏறுவதும் அப்பக்கமே. மேற்கிலிருந்து வந்த புலவர்க்கு மலை முதலில் காட்டிய முகம் இதுவாகலாம் என்பது என் எண்ணம்.

இனி வரலாறு. கபிலர் பாட்டில் கொல்லி ஓரிக்கு உரியது. பரணர் பாடிய 89ஆம் பாட்டிலோ அது சேரன் பொறையனுக்கு உரியதாகிறது. இடையே நிகழ்ந்ததை அகநானூற்று 209ஆம் பாட்டில் கல்லாடனார் உரைக்கிறார்: முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்தான். அக்கொலையைச் சொன்ன பாட்டே தலைவியின் நலத்துக்குக் கொல்லிப் பாவையை உவமை கூறுகிறது. மலைக்கு உடையவர் மாறினர், உவமை மாறவில்லை. காரியின் கொடையைப் புறநானூற்றில் போற்றிய கபிலரே ஈண்டு ஓரியின் கொல்லி என்பதும் நோக்கத்தக்கது. ஓரி உயிரோடிருந்த காலத்துப் பாட்டாகலாம். அன்றி, அவன் மறைந்தும் மலையைவிட்டு அவன் பெயர் நீங்காதிருந்திருக்கலாம்.

வினை, பயன், மெய், உரு என நான்கு வகைகளைத் தொல்காப்பியர் உவமைக்கு வகுத்தார். பாவை ஒன்றே, எனினும் கபிலர் அதில் மடப்பத்தைக் கண்டார். நற்றிணை 201இல் பரணர் காண்பது வேறு. காற்று மோதினும், மழை விரைந்து பொழியினும், இடி எறியினும், நிலமே அதிரினும் தன் வடிவு கெடாத பாவை அது. அவ்வாறே தலைவியும் நெஞ்சைவிட்டு நீங்காள் என்கிறார். உவமையின் பொருள் உவமிக்கப்படும் பொருளில் மட்டும் தங்குவதில்லை என்பதை நம் கவிஞர்கள் இவ்விரு பாட்டுகளையும் அடுத்தடுத்து வாசித்தே உணரலாம்.

பாவை சிரித்து உயிர் வாங்கும் என்ற கதை நம் ஊர்களில் வழங்குகிறது. மலைமேலுள்ள எட்டுக்கை அம்மனே கொல்லிப் பாவை என்று வணங்குவோரும் உளர். அவ்வழிபாட்டில் நமக்குக் குறையில்லை. ஆயின் மேற்கூறிய பாட்டுகள் எதிலும் பாவை சிரிக்கவில்லை. பரணர் அம்மலையை அச்சம் மிக்கது என்கிறார். அங்கும் பாவைக்கு ஒப்பாகும் பெண் உலக்கைப் பாட்டுப் பாடி நெல் குற்றுகிறாள், அதற்கு ஊர் அலர் தூற்றுகிறது. அன்று வினவிய அன்பருக்கு நான் காட்ட விழைவது அவ்வுரலடியையே.