சராசரிச் சம்பளமா, இடைநிலைச் சம்பளமா? எதைப் பார்க்கணும்?

வேலை தேடும்போது "சராசரிச் சம்பளம் 6,000 வெள்ளி" என்று ஒரு விளம்பரம் சொன்னால் நம்பலாமா?

ஒரு சிறிய அலுவலகத்தில் 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் (வெள்ளியில்): 2,500, 2,800, 3,000, 3,200, 18,500.

சராசரி என்றால்?

எல்லாவற்றையும் கூட்டி 5ஆல் வகுத்தால் 6,000. ஆனா 4 பேர் அதை நெருங்கவே இல்லை. மேலாளர் ஒருவரின் சம்பளம் கணக்கை மேலே இழுத்துவிட்டது.

இடைநிலை என்றால்?

வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுங்க: 3,000. சிங்கப்பூரில் மனிதவள அமைச்சின் வருமான அறிக்கைகளும் பட்டதாரி வேலைவாய்ப்புக் கருத்தாய்வும் இடைநிலையைத்தான் முன்வைக்கின்றன.

அது மட்டும் போதுமா?

போதாது. இன்னும் இரண்டு கேள்வி கேளுங்க.

✔ யாருடைய சம்பளம்? பட்டதாரிக் கருத்தாய்வின் சம்பள எண், முழுநேர நிரந்தர வேலையில் இருப்பவர்களுடையது. வேலை கிடைக்காதவர்களும் பகுதிநேர ஊழியர்களும் அதில் இல்லை.

✔ எதெல்லாம் சேர்ந்திருக்கு? அமைச்சு வெளியிடும் இடைநிலை வருமானத்தில் முதலாளி செலுத்தும் மத்திய சேம நிதித் தொகையும் பொதுவாகச் சேரும். பட்டதாரிக் கருத்தாய்வில் சேராது.

அதனால், நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் இந்த இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட்டுப் பார்க்காதீங்க.