சவலைப் பிள்ளை

கையும் காலும் குச்சியாய், வயிறு மட்டும் பானையாய், எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓயாமல் சிணுங்கும் பிள்ளையைக் கண்டால், நம் பாட்டிமார் சொல்லும் சொல் ஒன்று உண்டு — சவலைப் பிள்ளை! தாய் அடுத்த பிள்ளையைச் சுமக்கத் தொடங்கியதும், முலைப்பால் இழந்து மெலிந்த மூத்த பிள்ளைக்குத் தமிழ் இட்ட பெயர் அது. அந்த ஒரு சொல்லிலே நோயும் இருக்கிறது. நோயின் காரணமும் இருக்கிறது. ஆனால், சொல்லைக் காத்த சமுதாயம் காரணத்தைக் கைவிட்டது. கண்ணேறு என்றது, சுற்றிப் போட்டது. காற்று என்றது, வேப்பிலை அடித்தது. தோஷம் என்றது, தாயத்துக் கட்டியது. பிள்ளையின் கலத்திலே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க மட்டும் அதற்கு நேரம் இல்லை!

இதே சொல்லை, கடல் பல கடந்த ஒரு நாட்டிலே, வேறொரு மொழியிலே, ஒரு மருத்துவப் பெண்மணி கேட்டார். ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற சிசிலி வில்லியம்ஸ், 1929-ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டுக்கு — இன்றைய கானாவுக்கு — பணியாற்றச் சென்றார். ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி செம்பட்டையாகி, மடிந்துகொண்டிருந்தனர். நூலிலே தேடினால் அந்நோய்க்குப் பெயர் இல்லை. எனவே, அவர் தாய்மாரைக் கேட்டார். அங்குள்ள 'கா' மொழியிலே அவர்கள் சொன்ன பெயர்: குவாஷியோர்கர். பொருள் என்ன தெரியுமா? அடுத்த குழந்தை பிறந்ததும், இடம் பறிபோன பிள்ளைக்கு வரும் நோய்!

அக்ராவின் தாயும் ஆண்டிப்பட்டியின் தாயும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும், இருவரும் கண்ட உண்மை ஒன்றே. 1933-இல் நோயை விவரித்த வில்லியம்ஸ், 1935-இல் 'லான்செட்' ஏட்டிலே அந்தப் பெண்கள் தந்த பெயரையே அதற்குச் சூட்டினார். பால் மறந்த பிள்ளைக்கு வெறும் மக்காச்சோளக் கஞ்சியே உணவு. அதுதான் கேடு என்றார். அல்ல, அது முன்பே அறிந்த பெல்லாக்ரா நோய்தான் என்று மறுத்தோரும் உண்டு. பின்னாளில் மருத்துவ உலகம் அந்தப் பெயரை ஏற்றது. படிப்பறியாப் பெண்கள் வைத்த பெயர், பட்டம் பெற்றோரின் பாடநூலிலே ஏறியது!

முலையிலே இடம் போயிற்று; சரி. வீட்டுப் பந்தியிலே இடம் கிடைத்ததா? அதுதான் நாம் எழுப்பும் கேள்வி. இரண்டு இடங்களுக்கும் நடுவே தவறி விழும் பிள்ளைதான் சவலைப் பிள்ளை.

பழைய ஏடுகளைப் புரட்டுவோம். ஆறாம் திங்களில் சோறூட்டுக என்கிறது மனுநூலின் இரண்டாம் அத்தியாயம். நல்லது என்போம். கண்டு தெரிந்த உண்மையை யார் சொன்னாலும் மறுப்பது பகுத்தறிவு ஆகாது. ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் பாலோடு பிற உணவும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2001-இல் அறிவித்தது. ஆனால், ஆசுவலாயன கிருகிய சூத்திரம் அந்த முதல் ஊட்டுக்கு எதைச் சொல்கிறது? ஊட்டம் வேண்டின் ஆட்டிறைச்சி. பிரம தேசு வேண்டின் கவுதாரி இறைச்சி! புலால் தீட்டு என்று மூக்கைப் பொத்துவோர் இந்தப் பகுதியைப் படித்தனரோ, படித்தும் மறைத்தனரோ, நாம் அறியோம். திதி தங்கிற்று, தீ தங்கிற்று, தட்சிணை தங்கிற்று. பிள்ளைக்கு வலுவூட்டும் பண்டம் மட்டும் தட்டிலிருந்து இறங்கிற்று. (அதே நூல் கூட்டச் சொல்லும் தேனை ஒரு வயதுக்கு முன் தரவே கூடாது என்பது இன்றைய மருத்துவம்.)

இன்னொன்றும் உண்டு. பெண் குழந்தைக்கு இந்தச் சடங்குகளை மந்திரமின்றிச் செய்க என்கிறது அதே மனுநூல். மந்திரம் போனதால் பெண்ணுக்கு நட்டமில்லை. முதற்கவளத்திலேயே 'நீ இரண்டாந்தரம்' என்று சொல்லும் அந்த மனப்பான்மை, மந்திரத்தோடு நின்றதா? ஆணுக்கு முட்டை, பெண்ணுக்கு மோர் என்ற அடுக்களைச் சட்டத்தை எழுதியவர் எவர்?

நம் சங்கப் புலவர்களிடம் வேறு காட்சி காண்கிறோம். பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறப்பாட்டிலே, பிள்ளை தானே நடந்து வந்து பெரியவர் கலத்திலே கைவிட்டு, பிசைந்து, வாயிலும் வைத்து, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது, அதட்டுவார் இல்லை. பிள்ளை கைபட்ட கூழை அமிழ்துக்கு மேல் வைத்தார் வள்ளுவர். பிள்ளையைப் பந்தியில் சேர்த்த பண்பாடு இது. ஆனால், பழம்பெருமையில் மயங்கிவிடவேண்டாம், தோழர்களே! அதே புறநானூற்றிலே பெருந்தலைச் சாத்தனார் வீட்டு அடுப்பிலே காளான் பூத்திருக்கிறது. வற்றிய முலையைச் சுவைத்துப் பால் காணாத பிள்ளை தாய் முகத்தைப் பார்க்கிறது. பாண்டியன் வீட்டுப் பிள்ளை சோற்றைப் பூசிக்கொண்ட நாட்டிலேதான் புலவன் வீட்டுப் பிள்ளை அழுதது.

பிள்ளைக்கு என்ன தெரியும், திணித்தால்தான் தின்னும் என்பார் உண்டு. அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் இதைச் சோதித்தார். 1928-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார். 1939-இல் 15 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பால் மறக்கும் பருவத்துப் பிள்ளைகளின் முன், முப்பதுக்கு மேற்பட்ட உணவு வகைகளிலிருந்து கிண்ணங்கள் வைக்கப்பட்டன. செவிலி கரண்டியோடு வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பாள். பிள்ளை சுட்டினால் மட்டுமே எடுத்துத் தருவாள். கெஞ்சல் இல்லை, கொஞ்சல் இல்லை, பூச்சாண்டி இல்லை. ஒரு நாள் முட்டையாகத் தின்றன, மறுநாள் பழமாகத் தின்றன. மொத்தத்தில் நன்றாகவே வளர்ந்தன. எலும்பு மெலிந்த ஒரு பிள்ளை, மீனெண்ணெயைத் தானே விரும்பிக் குடித்து, நலமான பின் விட்டுவிட்டது. ஆனால், கிண்ணங்களிலே சர்க்கரைப் பண்டம் ஒன்றும் இல்லை. எல்லாம் இயற்கை உணவு. எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் உரிமை. டேவிஸ் அம்மையாரே சூட்சுமம் அங்கேதான் என்று ஒப்புக்கொண்டார்.

நம் வீட்டுக் கிண்ணத்திலே என்ன வைக்கிறோம்? ஆறு திங்களானதும், பிறக்கும்போது பிள்ளை கொண்டுவந்த இரும்புச்சத்து குறையத் தொடங்குகிறது. தெளிந்த அரிசிக்கஞ்சியால் அதை ஈடுசெய்ய முடியாது. பிள்ளையின் வயிறு சிறிது, நீரே அதை நிரப்பிவிடும். குழைந்த சோற்றோடு பருப்பும், மசித்த கீரையும், ஒரு துளி எண்ணெயும், முள் நீக்கிய மீனும் சேரவேண்டும். இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றை நாள்தோறும் பிள்ளைக்குத் தருக என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு நெறிமுறை. ஏழைக்கு ஏது என்பீர்கள். நெத்திலியும் முட்டையும் எட்டாத வீடுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், குழம்பிலே மீன் கிடக்க, பிள்ளைக்கு மட்டும் ரசஞ்சோறு பிசையும் வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம்.

ஏன் அப்படி? பந்தியின் ஒழுங்கைப் பாருங்கள்! முதலில் ஆடவர், பிறகு பையன்கள், கடைசியில், சட்டி வழித்து, தாய். பிள்ளையோ தாயின் மடியில். தாய்க்குக் கிடைக்கும் கடைசிப் பந்திதானே மடிப்பிள்ளைக்கும்! மீன் தலை மிஞ்சினால் மிஞ்சும். பல நாள் சாறுதான் மிஞ்சும்.

அரசு இந்த இடைவெளியைக் காணாமல் இல்லை. 1982 சூலை முதல் நாளன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைப் பந்தியில் உட்காரவைத்தது. அதற்கு முன்பே, 1980-இல், மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு திங்கள் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளைத் திங்கள்தோறும் தராசில் நிறுத்தது. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும், தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டை, மூன்று திங்களுக்கு. எடையைத் தாயின் கண்முன்னே அட்டையில் புள்ளியாகக் குறித்தனர். கோடு தாழ்ந்தால், பிள்ளையின் கைகால் குச்சியாவதற்கு முன்பே தெரிந்துவிடும். வயிறு பானையான பிறகு பாட்டி சொன்ன அதே செய்தியை, அந்த அட்டை சில திங்கள் முன்னதாகவே சொன்னது.